பரம்பரைப் பிரபுக்கள் என்ன கிழித்தார்கள்? ஏவ்பரி பிரபு பற்றி ஒரு விவாத இழை

2025 ஜனவரி 11, இரவு 9:20 (கேள்வி)

பரம்பரைப் பிரபுக்களைப் பிரித்தானிய மேலவையை விட்டுத் துரத்தும் மசோதா நவம்பரில் கீழ்ச்சபையைத் தாண்டிவிட்டது. நல்ல காரியம். கொப்பரும் கொப்பாட்டனும் விட்டுப்போன கதிரையில் குந்தியிருந்து நித்திரை கொண்டதைத் தவிர இவர்கள் என்ன கிழித்தார்கள்? எங்கட தமிழ்ச் சனத்துக்குப் பிரயோசனமான ஒரு பரம்பரைப் பிரபுவின் பெயர் சொல்லுங்கோ பாப்பம்.

ஜனவரி 11, இரவு 10:05

எரிக் லபொக். நாலாவது ஏவ்பரி பிரபு. 1928 இல் பிறந்தவர், 2016 பெப்ரவரி 14 அன்று 87 வயதில் போய்ச் சேர்ந்தவர். மசோதா நல்லதுதான், அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. பெயர் கேட்டீர்கள், சொல்லியாச்சு. மிச்சம் நாளைக்கு.

ஜனவரி 12, காலை 11:30

முதலில் ஓர்பிங்டன். அதைச் சொல்லாமல் இந்த ஆளைச் சொல்ல ஏலாது.

லண்டனின் தென்கிழக்கு விளிம்பு, அந்தக் காலத்தில் கென்ற் மாவட்டம். கொன்சவேற்றிவ் கட்சிக்கு எழுதிக் கொடுத்த தொகுதி. 1959 இல் அவர்களின் பெரும்பான்மை 14,760. அங்கே இருந்த எம்.பி. நீதிபதி வேலை கிடைத்துப் போக, இடைத்தேர்தல் வந்தது. லிபரல் கட்சி முதலில் வைத்திருந்த வேட்பாளர், விவாகரத்து முழுதாய் முடிய முன்னமே மறுமணம் செய்தவர் என்று கதை வெளியே வந்தது. சட்டப்படி இருதாரம். மனிசனை அவசரம் அவசரமாக ஒதுக்கிவிட்டு, கவுன்சிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பொறியியலாளரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஹரோ பள்ளிக்கூடம், ஒக்ஸ்ஃபோர்ட், குத்துச்சண்டை, வெல்ஷ் காவற்படை, பிறகு ரோல்ஸ் ரொய்ஸில் வேலை. அவர்தான் லபொக்.

1962 மார்ச் 14 வாக்களிப்பு. லபொக் 22,846, கொன்சவேற்றிவ் 14,991, லேபர் 5,350. 1959 இல் மூன்றாவதாக வந்த கட்சி 7,855 வாக்கால் வென்றது. வாக்குப் போட்டவர்கள் யார்? கடனுக்கு வீடு வாங்கி, விடிய ரயிலேறி லண்டன் அலுவலகங்களுக்குப் போய்வருகிற நடுத்தர சனம். நிதியமைச்சர் செல்வின் லொயிட் சம்பள உயர்வைப் பிடித்து வைத்த கோபம் அவர்களுக்கு. "ஓர்பிங்டன் மனிதன்" என்று பத்திரிகைகள் அந்த வாக்காளனுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டன. அந்த வருஷம் ஜூலையில் பிரதமர் மக்மில்லன் ஒரே வீச்சில் 7 அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பினார், லொயிட் உட்பட. அந்த நடுக்கத்தில் ஓர்பிங்டனுக்கும் பங்கு உண்டு.

1970 இல் தொகுதி கைவிட்டது. அதற்கு அவர் அடித்த பகிடி பிரபலம்: 1962 இல் ஓர்பிங்டனின் புத்திசாலிச் சனம் தன்னைத் தெரிவு செய்ததாம், 1970 இல் மடையர்கள் தூக்கி எறிந்தார்களாம். ஒரே தொகுதி, ஒரே சனம்.

ஜனவரி 12, மாலை 6:15

"வாக்கில் வென்றதைப் பரம்பரைக் கணக்கில் எழுதாதையுங்கோ" என்று கீழே ஒருவர். நியாயம். பரம்பரைப் பகுதி 1971 இல்தான் தொடங்குகிறது. பெரியப்பாவின் மகன், மூன்றாவது ஏவ்பரி பிரபு, ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். பட்டம் எரிக்கிடம் வந்து விழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கோ. பட்டத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அப்போது இருந்தது. அதை வாங்கித் தந்தவர் ரொனி பென் என்ற லேபர் எம்.பி. 1960 நவம்பரில் தகப்பன் ஸ்ரான்ஸ்கேற் பிரபு இறந்ததும், மகன் கீழ்ச்சபையில் இருக்க ஏலாது என்று வெளியே போட்டார்கள். பிரிஸ்ரலில் 1961 மே மாதம் இடைத்தேர்தலில் நின்று திரும்ப வென்றார். தேர்தல் நீதிமன்றம் தோற்றவரைக் கூப்பிட்டு ஆசனத்தைக் கொடுத்தது! கடைசியில் 1963 ஜூலை 31 அன்று சட்டம் வந்தது, அன்றைக்கே பென் பட்டத்தைத் துறந்தார். அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஒக்ரோபரில் ஹியூம் பிரபு பட்டத்தை உதறிப் பிரதமராகத் தொடர்ந்தார். இடைத்தேர்தல் முடியும்வரை இரண்டு கிழமையளவு எந்தச் சபையிலும் இல்லாத ஒரு பிரதமர். இந்த நாட்டுக்கு எழுதப்பட்ட அரசியல் யாப்பு இல்லை என்பதன் சுகம் அதுதான்.

ஆக, லபொக்குக்கு யோசிக்க ஒரு வருஷம் இருந்தது. துறக்கவில்லை, வாங்கிக்கொண்டார். கொள்கைக்காரர் பென்னைப் போல எறிந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பென்னிடம் எறிந்தால் திரும்பிப் போகத் தொகுதி இருந்தது. இவரிடம் என்ன இருந்தது? கீழ்ச்சபையில் 8 வருஷம், மேலவையில் சாகும்வரை, கிட்டத்தட்ட 45 வருஷம். வேலையில் பெரும்பங்கு அந்த இரண்டாம் பகுதியில்தான்.

ஜனவரி 12, இரவு 11:50

தூக்கம் வரவில்லை, ஒரு கிளைக்கதை. இவருடைய பாட்டனார்தான் முதலாவது ஏவ்பரி பிரபு, ஜோன் லபொக். வங்கிக்காரர், டார்வினின் பக்கத்து ஊர்க்காரர், சீடப்பிள்ளை. கற்காலத்தைப் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பெயர் வைத்துப் பிரித்தது அவர்தான். எறும்பு, தேனீ, குளவி ஆராய்ச்சி வேறு. ஒரு குளவியைப் பழக்கி அறிஞர் கூட்டத்துக்கே கொண்டுபோனவர். ஏவ்பரியில் அந்தப் பழைய கல்வட்டம் வீடு கட்டுகிறவர்களிடம் போகாமல் காணியை வாங்கிப் போட்டார், பட்டத்துக்குப் பெயரும் அங்கிருந்துதான்.

எல்லாத்தையும் விடுங்கோ. 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர் அவர். ஓகஸ்ட் திங்கட்கிழமை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு "பிரபுக்கள் என்ன கிழித்தார்கள்" என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரு நாளாவது வேலைக்குப் போகவும். (அப்போது அவர் பிரபு இல்லை, மெய்ட்ஸ்ரன் எம்.பி. என்று ஒருவர் வருவார். வரட்டும்.)

ஜனவரி 13, இரவு 8:40

வந்துவிட்டார். நல்லது.

ஹை எல்ம்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓர்பிங்டனிலிருந்து டவுன் (Downe) என்ற ஊர்ப்பக்கம் போகும்போது வருகிற பெரிய பூங்கா. லபொக் குடும்பத்தின் மாளிகை நின்ற இடம், மாளிகை 1967 இல் எரிந்துபோச்சு. இப்போது போனால் புல்தரையும் படிக்கட்டும் தோட்டமும்தான். ஒரு பக்கம் கையால் சுவரில் பந்தடிக்கும் ஆட்டத்துக்கான மைதானம் மட்டும் முழுதாய் நிற்கிறது. எங்கட ஆட்கள் கோடையில் புளிச்சாதமும் பொரித்த மிளகாயும் கட்டிக்கொண்டு போவார்கள். என் மகள் அந்தச் சுவரில் ரெனிஸ் பந்து அடித்து விளையாடியிருக்கிறாள், யார் வீட்டுச் சுவர் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஜனவரி 15, இரவு 10:10

கரவன் (இழுத்துச் செல்கிற வண்டிவீடு) சட்டம். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆளின் மொத்தக் குணமும் இதில் இருக்கிறது.

ஓர்பிங்டன் தேர்தல் நடந்த அதே 1962 இல், கென்ற் மாவட்டத்தில் டரென்த் காட்டுக்குள் இருந்த ஜிப்ஸி நாடோடிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். போக இடமில்லாமல் ஏ2 நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்திக்கொண்டு கிடந்தார்கள். நோர்மன் டொட்ஸ் என்ற லேபர் எம்.பி. அவர்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தார், 1965 இல் இறந்துவிட்டார். லபொக் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1968 இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து சட்டமாக்கினார்: ஜிப்ஸிகள் தங்க உள்ளூராட்சி சபைகள் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

எந்த எம்.பி.க்கு இதில் ஒரு வாக்காவது கூடும்? பக்கத்தில் ஜிப்ஸி முகாம் வருகிறது என்றால் புறநகர் வீட்டுக்காரன் என்ன செய்வான் என்று ஓர்பிங்டனில் குடியிருக்கிற எனக்குத் தெரியும். வாசலில் துண்டுப்பிரசுரம் வந்து விழும். வீட்டு விலை இறங்கும் என்று கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்கட ஆட்களும் போவார்கள், முன்வரிசையில் இருப்பார்கள். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அகதியாக வந்தவர்தான், என்னைவிடப் பலமாகக் கை தட்டினார்.

அதே 1968 இல் கென்யாவிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வந்த ஆசியர்களைத் தடுக்கிற சட்டத்தை ஒரு கிழமைக்குள் அடித்து நிறைவேற்றினது லேபர் அரசாங்கம். லிபரல்கள் எதிர்த்தார்கள். இரண்டு வருஷத்தில் லபொக் தோற்றார். இதனால்தான் தோற்றார் என்று சொல்லமாட்டேன். உதவியிருக்காது, அவ்வளவுதான் சொல்லலாம்.

கரவன் சட்டத்தின் அந்தக் கடமையை 1994 இல் பிரதமர் ஜோன் மேஜரின் அரசாங்கம் நீக்கியது. அப்போது அவர் மேலவையில் இருந்தார், எதிர்த்தார், தோற்றார்.

ஜனவரி 16, காலை 7:55

வேலைக்குப் போகிற வழியில். 1967 லிபரல் தலைவர் தேர்தலிலும் லபொக் நின்றார். வாக்காளர் மொத்தம் 12 எம்.பி.க்கள். தோர்ப் 6, ஹூசன் 3, லபொக் 3. மற்ற இருவரும் விலக தோர்ப் தலைவர். தோர்ப்பின் கதை பிறகு கொலைச்சதி வழக்கு வரை போனது (விடுதலையானார்) என்று தெரிந்தவர்களுக்கு, லபொக் வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வரத்தான் செய்யும். இந்த 12 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கோ, இதைவிடச் சின்ன எண் ஒன்று வருகிறது.

ஜனவரி 18, இரவு 9:30

கேள்வி கேட்டவர் பொறுமையிழந்துவிட்டார்: "எங்கட சனத்துக்கு என்ன செய்தார் என்றுதானே கேட்டேன்." சரி.

1976 இல் பாராளுமன்ற மனித உரிமைக் குழுவைத் தொடங்கி 1997 வரை அதன் தலைவராக இருந்தார். குர்துகள், ஈரானியர், கிழக்குத் திமோர், பஹ்ரைன், பங்களாதேஷின் சிட்டகொங் மலைவாசிகள் என்று பட்டியல் நீளும். இலங்கையும் அதில் நிரந்தரம். தமிழர் கைது, காணாமல் போனோர், இங்கே வந்து தஞ்சம் கேட்டவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றியெல்லாம் மேலவையில் எழும்பிக் கேட்டவர்.

அந்தக் காலம் எப்படி என்று இளம் ஆட்களுக்குத் தெரியாது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் பார்த்தபோது பெடியள் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள், அந்தக் குளிரில். படம் பத்திரிகையில் வந்தது. அரசாங்கம் செய்த வேலை, சரியான பத்திரம் இல்லாத ஆளை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம் என்று சட்டம் போட்டது.

நான் வந்தது அதற்குக் கொஞ்சம் பிந்தி. ஈஸ்ற் ஹாமில் ஒரு அறை, நாலு பேர், ஒரு ஹீற்றர். எனக்குக் கேஸ் எழுதிய வழக்கறிஞர் ஒருவர் வேறொருவனின் கதையை என் பெயரில் போட்டு அனுப்பிவிட்டார். அதில் என் அண்ணன் செத்திருந்தான். அண்ணன் ரொறன்ரோவில் இப்போதும் உயிரோடு இருக்கிறான், இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பான். அதைச் சரிக்கட்ட எம்.பி.யிடம் போகலாம் என்றால், உன் விலாசம் எந்தத் தொகுதி என்றுதான் முதல் கேள்வி. மாதத்துக்கு ஒரு அறை மாறுகிறவனுக்கு ஏது தொகுதி? ஒரு எம்.பி. இன்னொரு எம்.பி.யின் தொகுதிக்காரனின் வேலையில் கை வைக்கமாட்டார், அது அவர்களுக்குள் முறை. பிரபுவுக்குத் தொகுதி கிடையாது. ஈஸ்ற் ஹாம்காரனும் அவருடைய ஆள்தான், டாக்காக்காரனும் அவருடைய ஆள்தான். அதனால்தான் எங்கட சங்கங்கள் கடிதக்கட்டோடு லோட்ஸ் (மேலவை) பக்கம் போனது.

ஜனவரி 19, மதியம் 1:20

"புத்த பிரபு எப்படித் தமிழனுக்குக் கதைத்தார்?" என்று பகிடியாக ஒரு கேள்வி. பகிடி இல்லை, உண்மையிலேயே அவர் பௌத்தர். சிறைக்குள் இருக்கும் பௌத்தர்களுக்கான அங்குலிமாலா அமைப்பின் காப்பாளராக இருந்தவர். கொழும்பு அரசாங்கம் பௌத்தத்தின் பெயரால் செய்ததை ஒரு பௌத்தர் வெஸ்ற்மினிஸ்ரரில் எழும்பிக் கேள்வி கேட்டார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1987 இல் தன் உடம்பைப் பற்றர்சி நாய்கள் காப்பகத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நாய்களுக்கும் சாப்பாட்டில் ஒரு மாற்றம் வேண்டுமே என்பது காரணம். ஜாதகக் கதையில் போதிசத்துவர் பசித்த புலிக்கு உடம்பைக் கொடுத்தார், லண்டனில் புலிக்கு எங்கே போவது?

தெய்வநிந்தனைச் சட்டத்தை ஒழிக்கவும் பாடுபட்டவர். 2002 இல் தானே ஒரு மசோதா கொண்டுவந்தார், சட்டம் 2008 இல் ஒழிந்தது. அகமதியா முஸ்லிம்கள் தங்கள் சமாதானப் பரிசை முதன்முதலில் 2009 இல் கொடுத்தது இவருக்குத்தான். பௌத்தர், மதநிந்தனைச் சட்டத்துக்கு எதிரி, பரிசு தந்தது முஸ்லிம்கள்.

ஜனவரி 22, இரவு 10:45

நித்திரை விஷயத்துக்கு வருவோம். மேலவையின் பார்வையாளர் மாடத்துக்கு எவரும் போகலாம், காசு இல்லை. குரொம்வெல் கிறீன் வாசலில் வரிசை, விமான நிலையம் மாதிரிச் சோதனை, பிறகு படியேறி மேலே. சிவப்புத் தோல் இருக்கைகள், நடுவே கம்பளி அடைத்த பெரிய சிவப்பு மெத்தை, அதில் சபாநாயகர். கீழே பார்த்தால் வயசான பிரபுக்கள் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கிடக்கிறார்கள். நானும் "பார், நித்திரை" என்று மனிசியிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி மெதுவாகச் சொன்னார், இருக்கையின் முதுகில் ஒலிபெருக்கி பதித்திருக்கிறதாம், காது மந்தமானவர்கள் அதில் காதை வைத்துக் கேட்கிறார்களாம்.

சிலர் குறட்டையும் விட்டார்கள். அதுக்கும் ஒலிபெருக்கி காரணம் என்று சொல்ல ஏலாது.

ஜனவரி 25, காலை 10:00

இப்போது அந்தச் சின்ன எண்.

1999 இல் பிளேயர் பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றினார். கொன்சவேற்றிவ் பிரபுக்களின் தலைவர் கிரான்போர்ன், தன் கட்சித் தலைவர் ஹேக்குக்குத் தெரியாமல் பேரம் பேசி 92 பேரைக் காப்பாற்றி வைத்தார். ஹேக் அவரை வேலையிலிருந்து தூக்கினார், பேரம் நின்றுகொண்டது. 92 இல் 2 பேர் அரச சடங்குப் பதவிக்காரர், 90 பேர் பிரபுக்களே போட்ட வாக்கில் தெரிவானவர்கள். வேட்பாளர்கள் 75 சொல்லுக்குள் தங்களைப் பற்றி எழுதலாம். லபொக் தெரிவானார். சட்டம் நிறைவேறுகிற நேரம் ஒரு கோமகனின் மகன் அந்தக் கம்பளி மெத்தை மேல் பாய்ந்து ஏறித் துரோகம் என்று கத்தினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தன் மூதாதை எழுதினதாக நம்புகிறவர். அவர் கதைக்குத் தனி இழை போடலாம்.

ஒருவர் செத்தால் இடைத்தேர்தல் என்பது அப்போதைய முறை. 2016 இல் லபொக் செத்தார், ஏப்ரலில் இடைத்தேர்தல். வேட்பாளர்கள் 7 பேர். வாக்காளர்கள், மேலவையில் மிஞ்சியிருந்த அவருடைய கட்சிப் பரம்பரைப் பிரபுக்கள், 3 பேர். மூன்று வாக்கும் தர்ஸோ பிரபுவுக்கு. வாக்களிப்பு வீதம் 100.

தர்ஸோ 1999 இல் வெளியேற்றப்பட்டவர், 2001 இல் கேத்னெஸ் பக்கம் நின்று எம்.பி. ஆனார், 2015 இல் தோற்றார், அடுத்த வருஷம் 3 வாக்கால் திரும்ப உள்ளே. 43,187 பேர் வாக்குப் போட்ட ஓர்பிங்டனில் வென்றவரின் கதிரையை நிரப்ப 3 பேர் போதும். நான் லபொக் கட்சிதான், ஆனால் இதை எவன் நியாயப்படுத்துவான்?

ஜனவரி 25, மாலை 5:35

"நம்ம ஊர் வாரிசுகளை விடவா?" வேண்டாம், அந்தப் பக்கம் போனால் இழை பூட்டப்படும்.

இந்தியப் பரம்பரைப் பிரபு யாராவது உண்டா என்ற கேள்விக்கு மட்டும் பதில்: ஒருவர். சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919 இல் ராய்ப்பூர் சின்ஹா பிரபு. இது சத்தீஸ்கர் ராய்ப்பூர் இல்லை, வங்காளத்தில் பீர்பூம் பக்கத்து ராய்ப்பூர். 1919 இந்திய அரசாங்கச் சட்டத்தை மேலவையில் நடத்திக்கொடுத்தவர். அவர் மகன் கதிரை கேட்டபோது, இந்துத் திருமணம் பலதாரத்துக்கு இடம் கொடுக்கிறதே, இவரை வாரிசாக ஏற்கலாமா என்று ஆராய்ச்சி. முடிவு வர 1939 ஆச்சு. தகப்பனுக்கு ஒரே மனைவி.

பெப்ரவரி 2, இரவு 9:15

ஒரு கிழமை யோசித்தேன். கேள்வி கேட்டவர் நல்ல அடி அடித்திருக்கிறார்: "ஒரு லபொக்கைக் காட்டி எழுநூறு பேரை நியாயப்படுத்தலாமா?"

ஏலாது. தொகுதி இல்லாத கதிரையால் எங்களுக்கு ஒரு ஆள் கிடைத்தார் என்பது என் வாதம். பெரியப்பா மகனுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்திருந்தால் அந்தக் கதிரையில் வேறு யாரோ இருந்திருப்பார். முழுக்க அதிர்ஷ்டம். பெண்பிள்ளை பிறந்திருந்தாலும் இவருக்கே வந்திருக்கும், ஏனென்றால் பட்டம் ஆண்வழி. மார் சீமாட்டி 2020 இல் ஓய்வுபெற்ற பிறகு மேலவையில் இருந்த பரம்பரை உறுப்பினர் ஒருவர்கூடப் பெண் இல்லை.

ஆனால் ஒரு ஆயுட்காலப் பிரபுவைப் பிரதமர் நியமித்தால், அவர் பிரதமருக்குக் கடமைப்பட்டவர். வாக்கில் தெரிவு செய்தால், ஜிப்ஸிக்கு இடம் கேட்டதும் அடுத்த தேர்தலில் ஆள் இல்லை. வாக்கில்லாத சனத்துக்காகக் கதைக்கிற ஒரு ஆளை எந்த வழியால் உள்ளே கொண்டுவருவது? மசோதாவை ஆதரிக்கிறவர்கள் இதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. நானும் ஆதரிக்கிறவன்தான், என்னிடமும் இல்லை.

பெப்ரவரி 3, காலை 8:10

மறந்துபோனது. பட்டத்தைத் தூக்கி எறிந்த ரொனி பென்னின் மகன் ஸ்ரீவன், 2014 இல் தகப்பன் இறந்ததும் பட்டத்தை எடுத்துக்கொண்டார். 2021 இல் லேபர் பக்கப் பரம்பரை இடம் ஒன்று காலியாக, போட்டியில்லாமல் மேலவைக்குள் போனார். தகப்பன் மூன்று வருஷம் சண்டை பிடித்து வெளியே வந்த வாசல்.

பெப்ரவரி 9, இரவு 10:30

லபொக் பேச்சுகளை எங்கே வாசிக்கலாம் என்று கேட்டவருக்கு: பாராளுமன்றப் பதிவேடு, ஹன்சாட், இணையத்தில் இலவசம். தேடும்போது இரண்டு பெயரிலும் தேடவேண்டும். 1962 முதல் 1970 வரை எரிக் லபொக், 1971 க்குப் பிறகு ஏவ்பரி பிரபு. பழைய ஏவ்பரி பிரபுக்களும் கலந்து வருவார்கள், வருஷத்தைப் பாருங்கோ. இலங்கை என்று போட்டுத் தேடுகிறவர்கள் 2009 இல் மட்டும் நிற்காமல் எண்பதுகளுக்கும் போங்கோ.